வரைபடத்தில் இல்லாத பதினொரு வீடுகள்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்த பெண் ஷைலஜா. சென்ற ஜூன் மாதம் அவள் தொலைபேசியில் அழைத்தாள். "கோமதி மேடம், நாளைக்கு நம்ம ஆபீஸ்ல பரிஸ்திதி தினம். ஒரு எக்ஸிபிஷன் வெச்சிருக்கோம். உங்க டிராயிங் ஒண்ணு ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு. அவசியம் வரணும், ரெண்டு வார்த்தை பேசணும்" என்றாள். பரிஸ்திதி என்றால் சுற்றுச்சூழல். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் யார் வாயிலும் வந்திராத சொல் அது.

திருவனந்தபுரத்தில் நான் குடியிருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். கூடத்தின் நடுச்சுவரில் அந்தப் படம் இருந்தது. வித்துராவுக்கு மேலே மலைக்குள் மின்சாரத்துக்காகக் கட்டுவதாக இருந்த அணையின் நீர்த்தேக்க வரைபடம். அணை கட்டினால் எவ்வளவு தூரம் தண்ணீர் ஏறும், எதெல்லாம் மூழ்கும் என்று காட்டுவது. அடியில் மலையாளத்தில் அழகாக எழுதியிருந்தார்கள்: "மனிதக் காலடி படாத பள்ளத்தாக்கு. மக்கள் இயக்கம் காப்பாற்றியது." வலது மூலையில், டிரேஸ் செய்தவர் என்ற கட்டத்துக்குள் என் இனிஷியல்.

"இவ்வளவு காடும் முங்கப் போகுதேன்னு வரையறப்போ மனசு கஷ்டப்பட்டிருக்குமே, மேடம்?" என்று ஷைலஜா கேட்டாள்.

தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு, நன்றி மட்டும் கூறி இறங்கிவிட்டேன். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்க அலுவலகத்தில் டிரேஸர் வேலைக்கு, பென்சில் படத்தை மையில் நகலெடுக்கும் வேலைக்கு, சேர்ந்தேன். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். நான் மூத்தவள், எனக்குக் கீழே மூன்று பேர். ஒரு வருஷம் பயிற்சி. அந்த ஒரு வருஷத்தில் கோடு போடுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மெல்லிய கோடு, நடுத்தரக் கோடு, தடித்த கோடு, விட்டு விட்டுப் போகும் கோடு. அதைப்பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எங்கள் தலைமை வரைவாளர் நாராயண பிள்ளை சார். அவரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. குரலை உயர்த்தியதே கிடையாது. பின்னால் வந்து நின்றால் தெரியாது. சந்தன வாசனைதான் காட்டிக்கொடுக்கும். தவறு கண்டால் வாயால் சொல்லமாட்டார். சுண்டுவிரல் நகத்தை அந்த இடத்துக்கு அரை அங்குலம் மேலே நிறுத்தி, நாமே கண்டுபிடிக்கும்வரை அப்படியே வைத்திருப்பார். துணியைத் தொடவே மாட்டார். நாங்கள் மையில் வரைந்தது டிரேசிங் துணியின் மேல். மெல்லிய துணிக்குக் கஞ்சி ஏற்றி, கண்ணாடி மாதிரி பளபளக்கச் செய்தது. ஒரு சொட்டு வியர்வை பட்டாலும் அந்த இடம் வெளுத்துச் சுருங்கிவிடும். அதனால் மணிக்கட்டுக்கு அடியில் மடித்த கைக்குட்டை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்து ஏப்ரல் மாதத்தில் மின்விசிறி போடக்கூடாது, ஓரங்கள் பறக்கும். மூச்சுவிடுவதைக்கூடக் கோட்டின் முடிவுக்குத் தள்ளிவைத்துப் பழகினோம்.

படம் முடிந்தால் நகல் எடுக்க மொட்டை மாடிக்குப் போகவேண்டும். ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் துணியையும் ரசாயனம் பூசிய தாளையும் சேர்த்து வைத்து வெயிலில் காட்டினால் நீல நகல் விழும். மேற்கே கடல் பக்கம் மேகம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே பெண்கள் இரண்டு பேர் மாடியில் நிற்போம். பின்னால் அமோனியா மெஷின் வந்து அந்த வேலையும் போயிற்று.

மை விழுந்த கோட்டை எடுக்க ஒரே வழி ஷேவிங் பிளேடு. பிளேடை வில் மாதிரி லேசாக வளைத்து, துணி கிழியாமல், மையை மட்டும் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடம் சொரசொரப்பாகிவிடும். அதன்மேல் மாக்கல் பொடியைத் தூவி, விரலால் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து மறுபடி பளபளப்பு ஏற்ற வேண்டும். அந்த வேலையில் என்னைவிடக் கைநேர்த்தியான ஆள் எங்கள் பிரிவில் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. அதுதான் என் கஷ்டத்துக்குக் காரணம் என்பதால் சொல்கிறேன்.

சேர்ந்த இரண்டாம் வருஷம் நெடுமங்காடு பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தும் படத்தை நான் டிரேஸ் செய்தேன். ஒரு வீட்டு முற்றத்தில் கிணறு ஒன்று, சின்ன வட்டம். அந்த இடத்தில் மை கொட்டிவிட்டது. சுரண்டினேன், துணி லேசாகப் பிய்ந்தது. வட்டத்தைத் திரும்பப் போடாமல் விட்டுவிட்டேன். ஒரு கிணறுதானே! சாரின் நகம் அந்த இடத்துக்கு மேலே வந்து நின்றது.

"இங்கே எந்தா இருந்தது?"

"கிணறு, சார்."

"இப்போ இல்லையோ?"

"துணி பிய்ஞ்சு போச்சு சார்."

"துணி பிய்ஞ்சா துணியை மாத்தணும். அந்த வீட்டுக்காரன் நாளைக்குக் கிணத்திலே வெள்ளம் கோரப் போகும்போ அங்கே ரோடு நிக்கும். இதிலே ஒப்பு போட்டு அனுமதி கொடுக்கற ஆள் அந்த முற்றத்தைப் பார்க்கப் போறதில்லே, கோமதி. இதைத்தான் பார்ப்பான்."

புதுத் துணி எடுத்து முழுப் படத்தையும் திரும்ப வரைந்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. முடித்துக் காட்டியபோது "கொள்ளாம்" என்றார். நன்றாயிருக்கிறது என்பதற்கு அவர் சொல்லும் ஒரே வார்த்தை அது. அந்த வார்த்தைக்காகவே நாங்கள் எல்லோரும் உழைத்தோம் என்றால் மிகையில்லை.

பதினைந்து வருஷம் கழித்து அதே மனிதர்தான் மலைப் படத்தோடு என் மேஜைக்கு வந்தார்.

அந்தப் பள்ளத்தாக்கின் கள அளவைத் தாள் (ஃபீல்டு ஷீட்) எங்களுக்கு வந்தது எழுபதுகளின் பின்பாதியில். அதை எடுத்த சர்வேயர் யாரோ, பார்த்ததே இல்லை, ஆனால் கெட்டிக்காரர். பென்சிலில் ஒவ்வொரு பாறையும் இருந்தது. ஆற்றின் வளைவை ஒட்டி, முழு நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே, சின்னச் சின்னச் சதுரங்கள் பதினொன்று. பக்கத்தில் "காணிக் குடிசைகள்" என்று எழுதியிருந்தார். காணிக்காரர்கள் அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். ஈற்றை என்கிற காட்டு மூங்கிலால் வீடு கட்டி, மரச்சீனிக் கிழங்கு, மிளகு போட்டுப் பிழைப்பவர்கள். பதினொன்றையும் அப்படியே துணியில் மையால் எடுத்தேன். படம் மேலே போயிற்று.

இருபது நாளில் திரும்பி வந்தது. சார் தானே கொண்டுவந்தார். வழக்கமாகப் பியூன்தான் கொண்டுவருவான். மூலையில் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. "தற்காலிகக் கட்டுமானங்களைக் காட்ட வேண்டியதில்லை" என்று டைப் செய்திருந்தது. கீழே கையெழுத்து இல்லை.

வீடுகள் படத்தில் இருந்தால் அந்த ஆட்களை எங்கே குடியேற்றுவது என்று ஒரு அத்தியாயம் எழுத வேண்டும், அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், திட்டம் தாமதமாகும். இதெல்லாம் எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

"சார், தற்காலிகம்னா..." என்று இழுத்தேன்.

"மேலேயிருந்து வந்திருக்கு" என்றார்.

"ஃபீல்டு ஷீட்ல இருக்கே சார்."

"ஃபீல்டு ஷீட்டை யாரும் பார்க்கப் போறதில்லே." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "வேற யாராவது செஞ்சா சுரண்டின தடம் தெரியும், கோமதி. நீ செய்."

செய்தேன். ஒரு முழுக் காலைப்பொழுது. ஆற்றின் வளைவில் மேலோரமாக இருந்த சதுரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தேன். பொடி போட்டுத் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சார் வந்து பார்த்தார். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். "கொள்ளாம்" என்று சொல்லவில்லை.

பிறகு ஊர் மாறத் தொடங்கியது.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு மாடியில் சுமதி டீச்சர் என்று ஒருவர் குடியிருந்தார். மகளிர் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு பொன்முடி பஸ்ஸில் ஏறிப் போவார். சாயங்காலம் பை நிறைய இலை தழைகளோடு வருவார். முதலில் தெருவில் சிரித்தார்கள். மலைத் திட்டம் பத்திரிகையில் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. டீச்சர் வீட்டு மாடிப்படியில் செருப்புகள் குவிய ஆரம்பித்தன. கல்லூரிப் பிள்ளைகள், பள்ளி ஆசிரியர்கள், பாங்கில் வேலை பார்ப்பவர்கள், ஒரு ஹோமியோ டாக்டர். கிராமம் கிராமமாகப் போய்த் திரை கட்டிக் காட்டின் படங்களையும் சிங்கவால் குரங்கின் படங்களையும் காட்டினார்கள். தலைமைச் செயலகத்துக்கு முன்னால் கையில் மரக்கன்றோடு உட்கார்ந்தார்கள். போலீஸ் லாரியில் ஏற்றும்போதும் கன்றைக் கீழே வைக்காமல் ஏறினார்கள்.

எங்கள் அலுவலகத்தில் அவர்களுக்குக் குரங்குக் கட்சி என்று பெயர். "கரண்ட் வேண்டாம், குரங்கு மதி" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். மதி என்றால் போதும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் வீட்டு ஜன்னலில் நின்று அந்தப் படியைப் பார்க்கும்போது பொறாமையாக இருக்கும். எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி, ஜாதிச் சங்கம் எதுவுமில்லாமல் ஒரு காட்டுக்காக இவ்வளவு பேர் கூடுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு கட்சி ஆரம்பித்துவிட்டார்கள், நாமும் தேர்தலில் நிற்கலாம் என்று ஹோமியோ டாக்டர் ஒருநாள் மாடியில் வாதாடியது எங்கள் வீட்டுக் கூடம்வரை கேட்டது. "ஆதியம் இந்தக் காட்டைப் பார்ப்போம் டாக்டரே, கட்சி பிறகு" என்று டீச்சர் சொன்னதும் கேட்டது.

இயக்கம் வலுத்ததும், இரு தரப்பையும் கேட்க அரசு ஒரு கூட்டம் வைத்தது. வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகையில் குத்தி நிறுத்த ஒரு ஆள் வேண்டும். என்னை அனுப்பினார்கள். நாராயண பிள்ளை சார் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்.

கூட்டத்தில் டீச்சர் எழுந்தார். "இந்தப் பள்ளத்தாக்கில் மனுஷர் இருக்காங்க. நான் அவங்க வீட்டில் உட்கார்ந்து மரச்சீனி சாப்பிட்டிருக்கேன்" என்றார்.

எங்கள் தரப்பு அதிகாரி எரிச்சல்படவில்லை. மிக மரியாதையாகப் பேசினார். "டீச்சர், இது அரசாங்கம் அங்கீகரிச்ச பிளான். ஒவ்வொரு பாறையும் இதில் உண்டு. ஒரு வீட்டைக் காட்டுங்க."

டீச்சர் பலகைக்கு அருகே வந்தார். ஆற்றின் வளைவைக் கண்டுபிடித்தார். விரலை அங்கே வைத்தார். அங்கே ஒன்றுமில்லை. பிறகு, படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். இரண்டு நொடி இருக்கும். நான் குனிந்து, நன்றாகவே குத்தியிருந்த ஒரு குண்டூசியைச் சரிசெய்தேன்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கட்டிலில் படுத்திருந்தார். அடுக்களை வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினோம்.

"சேச்சி, ஒரு காரியம் கேக்கட்டா? அந்தப் படத்துக்கு முன்னால ஒரு ஃபீல்டு ஷீட் இருந்திருக்குமில்லே? அதில் வீடு இருந்ததா?"

"எங்கிட்ட வர்றதை டிரேஸ் பண்றதோட சரி, டீச்சர். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"அதை எங்கே வெச்சிருப்பாங்கன்னு மட்டும் சொன்னா மதி. உங்க பேர் வராது."

"தெரியாது டீச்சர்."

அந்தத் தாள் என் மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி, அகலமான இழுப்பறையில் தட்டையாகக் கிடந்தது. நான் நினைத்தால் மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில், தாளின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்திருக்கலாம். எண் இருந்தால் போதும், அவர்கள் கேட்டு வாங்கியிருப்பார்கள். அப்பாவின் கட்டிலைப் பார்த்தேன். கடைசித் தம்பி அப்போதுதான் மேல்படிப்பில் சேர்ந்திருந்தான். இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தாம். ஆனால் முழுக் காரணம் அவை இல்லை. நான் சுரண்டினேன் என்று அந்த மனுஷிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் என் மனசில் முதலில் வந்தது.

டீச்சர் போகும்போது படியிறங்கி நின்று சொன்னார்: "அப்போ இனி வீட்டைப் பற்றிப் பேசி பிரயோஜனம் இல்லை. ஆதாரம் கேக்கிறாங்க. மரத்தைப் பற்றிப் பேசறேன். மரம் இருக்குன்னா யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்க."

அப்படியேதான் நடந்தது. அதற்குப் பிறகு வந்த நோட்டீஸ் எதிலும் காணிக்காரர்கள் இல்லை. அரிய மரங்கள், சிங்கவால் குரங்கு, ஈரம் காயாத மண், ஆதிகாலம் முதல் மனிதன் கைவைக்காத காடு. பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் அதை மனப்பாடமாகப் பேசினார்கள். கைவைக்காத காடு என்பதற்கு எங்கள் வரைபடத்தையே சாட்சியாகக் காட்டினார்கள். "அவர்களுடைய பிளானே சொல்கிறது, அங்கே மனித வாசமில்லை" என்று ஒரு நோட்டீஸில் படித்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. தெருவில் வெடி போட்டார்கள். டீச்சர் வீட்டில் பாயசம். எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்குவாளியில் வந்தது. அப்பாவுக்கு ஸ்பூனால் ஊட்டிவிட்டு நானும் சாப்பிட்டேன். பள்ளத்தாக்கு மூழ்காது, அந்தப் பதினொரு வீடும் தப்பித்தது, என் தவறும் திட்டத்தோடு போயிற்று என்று நினைத்தேன். பல வருஷத்துக்குப் பின் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் அவை.

ஒன்றரை வருஷம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாடிக்குப் போனேன். செய்தித்தாள்களுக்கு நடுவில் செடிகளை அழுத்தி வைக்கும் அவருடைய பலகை திறந்து கிடந்தது. செடி காய்ந்து, பூ உதிர்ந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சேச்சி, அவங்களை இறக்கிட்டாங்க" என்றார்.

காட்டைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்திருந்தார்கள். இயக்கம் கேட்டதுதான் அது. அறிவித்ததும் எல்லை கட்டினார்கள். எல்லைக்குள் இருப்பவர்களிடம், நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று கேட்டார்கள். அரசாங்கத்திடம் இருந்த ஒரே பெரிய வரைபடத்தில் அங்கே வீடே கிடையாது. அணைத் திட்டம் கைவிடப்பட்ட பிறகு திருட்டுத்தனமாகக் குடியேறியவர்கள் என்று எழுதி, பதினொரு குடும்பத்தையும் இறக்கி, வித்துராவுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் விட்டுவிட்டார்கள். அணை வந்திருந்தால் கடைசி நேரத்திலாவது யாரேனும் போய்ப் பார்த்து, ஆள் இருக்கிறது என்று கண்டிருப்பார்கள். காடு காப்பாற்றப்பட்டதில் அந்த வாய்ப்பும் இல்லாமல் போயிற்று.

நான் நின்றபடியே சொன்னேன். "டீச்சர், ஃபீல்டு ஷீட் இருந்தது. பதினொரு வீடும் அதுல இருந்தது. நான் டிரேஸ் பண்ணினேன். அப்புறம் நானே சுரண்டினேன்."

அவர் அழவில்லை, கத்தவில்லை. கொஞ்ச நேரம் அந்த உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அந்த வீட்டில் சாப்பிட்டேன், சேச்சி" என்றார். "எனக்குப் பேப்பர் எதுக்கு? கண்ணால பார்த்தவ நான். பேப்பர் இல்லைன்னதும் நானும் அவங்களை விட்டுட்டேன். மரத்தை மட்டும் சொன்னா சுலபமா இருந்தது."

திங்கட்கிழமை இழுப்பறையைத் திறந்தேன். காலி. ஆவண அறைக்காரரிடம் கேட்டேன். "அந்தத் திட்டம் டிராப் ஆயிடுச்சில்லே? அதோட சேர்ந்த பேப்பர் எல்லாம் போன மழைக்கு முன்னாடியே கழிச்சாச்சு. துணியில் இருக்கிறது மட்டும் பத்திரமா உண்டு" என்றார்.

நாராயண பிள்ளை சாரைத் தேடிப் பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணில் புரை விழுந்திருந்தது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டார். எல்லாவற்றையும் சொல்லி, நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன், நீங்களும் கையெழுத்துப் போட்டால் நம்புவார்கள் என்றேன். அந்தத் துண்டுக் காகிதம் எங்கே என்றும் கேட்டேன்.

"அதை அன்னிக்கே திரும்ப வாங்கிட்டுப் போனாங்க" என்றார். "சரிபார்த்தேன்னு ஒருதடவை ஒப்பு போட்டாச்சு, கோமதி. அது பொய்யின்னு இனி ஒரு ஒப்பு போட என்னால ஆகாது. நீ போடு. என் பேரையும் சொல்லிக்கோ. நான் மறுக்க மாட்டேன்." வாசல்வரை வந்தார். சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தார். கோபப்பட வேண்டும் என்று போனவளால் கோபப்பட முடியவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் போய்விட்டார்.

நான் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதை மனுவோடு சேர்த்து அனுப்பினார். அவருடைய இயக்கத்திலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. இப்போது போய் இதைக் கிளப்பினால் திட்டக்காரர்கள் திரும்ப வருவார்கள் என்றார்கள். ஹோமியோ டாக்டர் மட்டும் கடைசிவரை கூட இருந்தார். பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கு மாறாக, ஆவண ஆதாரம் இல்லாத ஒரு ஊழியரின் கூற்றை ஏற்க இயலாது. ஆனால் மனிதாபிமான அடிப்படையில் இப்போது இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தரப்படும். எனக்கும் ஒரு மெமோ வந்தது, அனுமதியின்றி அலுவலக விவரத்தை வெளியிட்டதற்கு விளக்கம் கேட்டு. விளக்கம் கொடுத்தேன். எதிர்காலத்தில் கவனமாக இருக்கவும் என்று எச்சரித்து முடித்துவிட்டார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் அத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பதில் வந்த வாரத்தில் டீச்சரும் நானும் வித்துராவுக்குப் பஸ் ஏறினோம். நான் வரைந்த பள்ளத்தாக்கை நான் பார்த்ததில்லை, இன்றுவரை பார்த்ததில்லை. அன்றும் ரோட்டோரம்வரைதான் போனோம். சந்தையைத் தாண்டி, ஒரு ரப்பர் தோட்டத்து வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓலைப் பந்தல்கள். இறக்கிவிடப்பட்டவர்களின் மூப்பர் பெயர் மல்லன் காணி. அறுபது வயதிருக்கும். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர்கள் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது. எங்கள் வீட்டுப் பேச்சு மாதிரியே எனக்கு விளங்கியது.

டீச்சர் என்னைச் சொல்லவிடாமல் தானே ஆரம்பித்தார். நான் தடுத்தேன். நானே சொன்னேன். எப்படிச் சுரண்டினேன் என்பதையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஆதியம் எந்த வீட்டை எடுத்தே?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. ஆனால் பதில் தெரிந்திருந்தது. "ஆத்து வளைவுல, மேல ஓரமா இருந்தது."

"அது எங்க அக்கா வீடு. மாத்தி. இங்கே வந்து ரெண்டாம் மாசம் போயிட்டா. ரோட்டுல வண்டி வர்றது அவளுக்குத் தெரியாது." குரலில் ஏற்ற இறக்கமில்லை. "அடுத்தது?"

"அதுக்குக் கொஞ்சம் கீழே, பாறைக்கு இந்தப் பக்கம்."

"பூதன் வீடு. அப்புறம்?"

பதினொன்றையும் வரிசையாகக் கேட்டார். நான் இடத்தைச் சொன்னேன், அவர் பெயரைச் சொன்னார். பந்தல்களிலிருந்து ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். தங்கள் பெயர் வரும்போது ஒரு சின்ன அசைவு. டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்களுக்கு அதை வரைஞ்சு தா" என்றார் மல்லன் காணி.

டீச்சரின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பெஞ்சின் மேல் வைத்து, பென்சிலால் வரைந்தேன். ஆறு, வளைவு, பாறை, பதினொரு சதுரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் எழுதினேன். என் வாழ்நாளில் அளவுகோல் இல்லாமல் வரைந்த ஒரே படம் அதுதான். அவர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். ஒரு பெண் எட்டிப்பார்த்துத் தன் வீட்டின் மேல் விரல் வைத்தாள்.

"இதுக்கு சீல் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஆபீஸ்ல காட்டினா எங்களை மேலே விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

தாளை நான்காக மடித்தார். மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ இது உங்கிட்ட இருக்கட்டும்" என்றார். "எங்க வீடு எங்கே இருந்ததுன்னு எங்களுக்குத் தெரியும்."